தூங்குகிறார் என்று எழுதியவள்

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம், மூன்றாம் விருப்பம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'காரணம்' என்று அச்சடித்து ஒரு விரற்கடை இடம் விட்டிருந்தார்கள். ராணுவத்தில் எல்லாமே அளவுச் சாப்பாடுதான் போலிருக்கிறது. ஒரு பெண் எதற்காக ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பதற்கும் ஒரு விரற்கடைக்கு மேல் கிடையாது.

அவள் நர்சிங் பட்டம் வாங்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. எழுத்துத் தேர்வு, ஓட்டம், எடை, கண், பல் எல்லாம் தாண்டியாகிவிட்டது. புதன்கிழமை நேர்முகம். எந்தப் பிரிவில் சேர விருப்பம் என்று இந்தப் படிவத்தை நிரப்பி வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டுக்குள் கொடுக்க வேண்டும். பொது வார்டு, ஆபரேஷன் தியேட்டர், தீவிர சிகிச்சை, விபத்துப் பிரிவு, மனநலம், மகப்பேறு, வலி தணிப்பு என்று பின்பக்கத்தில் ஒரு பட்டியல். அதிலிருந்து மூன்றைப் பொறுக்கி எழுத வேண்டியதுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள்.

வீட்டில் ஆளாளுக்கு நாட்டாமை. அப்பா மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிறவர். பழுதானதைக் கழற்றினோமா, மாட்டினோமா, ஓடுகிறதா என்று பார்க்கிற ஆள். அவர் விபத்துப் பிரிவு என்றார். அம்மா மகப்பேறு என்றாள். ஆஸ்பத்திரியிலேயே வாயெல்லாம் பல்லாகப் போய் சேதி சொல்லக்கூடிய ஒரே இடம் அதுதானாம். கூரியர் வண்டி ஓட்டுகிற அண்ணனிடம், தியேட்டர் எடுக்கலாமென்று இருக்கிறேன் என்று சொன்னதும், டார்ச் அடித்து ஸீட் காட்டவா நாலு வருஷம் படித்தாய் என்று கேட்டான். அப்பாவே சிரித்துவிட்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மனதுக்குள் தியேட்டர் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அந்த முடிவுக்கான காரணத்தைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

விடுதியில் அவளுக்கு மூச்சு என்று பட்டப்பெயர். அறைத்தோழிகள் வைத்தது. கடைசி வருஷம் பாதியில் அவளுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. யார் கண்ணயர்ந்தாலும் பக்கத்தில் போய் நிற்பாள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். போர்வையில் சரியாகத் தெரியவில்லை என்றால் புறங்கையை மூக்கடியில் கொண்டுபோய் வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுப் படுத்தவள் கண்ணைத் திறந்தால் மூக்குக்குக் கீழே ஒரு கை. முதல் வாரம் அலறினார்கள், இரண்டாவது வாரம் திட்டினார்கள், மூன்றாவது வாரம் பெயர் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தபோதும் அதே கதைதான். நாற்காலியில் தலை சாய்த்திருந்த அப்பாவின் எதிரில் அவள் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்க, 'மனுஷன் உயிரோட இருக்காரான்னு ரசீது போடறா' என்றான் அண்ணன். பெயர் நன்றாகத்தான் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

சொல்கிறேன்.

கடைசி வருஷம், ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் அவளுக்குப் பயிற்சி. அவள் பொறுப்பில் பன்னிரண்டு கட்டில். ஒன்பதாம் கட்டிலில் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், குடலிறக்க ஆபரேஷன் ஆகி மூன்றாம் நாள். இதயம் கொஞ்சம் பலவீனம் என்று கேஸ் ஷீட்டிலேயே எழுதியிருந்தது. எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் இரவெல்லாம் வலியில் முனகிக்கொண்டிருந்த மனுஷன், பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, 'ஊசி வேலை செய்யுதும்மா, கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன்' என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். தட்டை எடுத்தவள் அவள்தான். அவரை அவள் உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

மணிக்கு ஒரு தடவை கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்து சார்ட்டில் எழுத வேண்டும். விதி அப்படி. ஆனால் மதியம் என்பது வார்டு முழுக்க உறங்குகிற நேரம். பன்னிரண்டு சார்ட்டையும் மேஜையில் அடுக்கி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. சீனியர்கள் செய்தார்கள், சீனியர்களுக்கு அவர்களுடைய சீனியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். பேனா மட்டும் ஒரே பேனாவாக இருக்கக்கூடாது, மை மாற வேண்டும் என்பது வரைக்கும் அதில் நுணுக்கம் உண்டு. மறுநாள் அவளுக்கு உள்தேர்வு. மேஜையில் உட்கார்ந்தபடியே எழுதினாள். ஒரு மணி: தூங்குகிறார். பேனாவை மாற்றினாள். இரண்டு மணி: தூங்குகிறார். அப்புறம் புத்தகத்தைத் திறந்தாள்.

இரண்டேகாலுக்குக் கண்டக்டரின் மனைவி வந்தாள். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு துணிப்பை. வார்டு வாசலில் நின்றே, 'தூங்குறாரா?' என்று கேட்டாள். இவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, 'ஆமாம்மா, தூங்குறாரு. ராத்திரி பூரா தூங்கல. எழுப்பாதீங்க' என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த அம்மாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். தொட்டால் விழித்துக்கொள்வாரோ என்று கையை மடியிலேயே கோத்து வைத்துக்கொண்டாள். முக்கால் மணி நேரம் அவர் முதுகைப் பார்த்து மெல்லிய குரலில் என்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். இடையில் ஒரு தடவை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஒரு தடவை சிரித்தாள். மேஜையிலிருந்து இதையெல்லாம் பார்த்த மாணவிக்கு, நல்ல ஜோடி என்று தோன்றியது.

மூன்று மணிக்குத் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். கண்டக்டர் குளிர்ந்திருந்தார்.

அதற்கப்புறம் ஓட்டமும் சாட்டமுமாக எல்லாம் நடந்தது. டாக்டர் வந்தார், நெஞ்சை அழுத்தினார்கள், நிறுத்தினார்கள். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று டாக்டர் கேட்க, வார்டு சிஸ்டர் சார்ட்டை எடுத்து, இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தார் சார் என்று படித்தாள். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் எழுதினார். யாரும் அவளை ஒரு கேள்வி கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரே ஒரு சொல்லில் மறைக்க முடிகிறது, அதுதான் பயங்கரம். உடலைத் துடைத்து, வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சேர்த்துக் கட்டுகிற வேலை அவளிடமே வந்தது. மணி மூன்றரைகூட ஆகவில்லை, அதற்குள் தாடை இறுகியிருந்தது. உயிர் போய் இரண்டு மணி நேரமாவது ஆகாமல் தாடை அப்படி இறுகாது என்று அவள் படித்திருந்தாள். மறுநாள் தேர்வுக்கே அந்தப் பாடம்தான். கையில் பேண்டேஜை வைத்துக்கொண்டு அவள் மனதுக்குள் பின்னோக்கி எண்ணினாள். இரண்டேகால் வந்தது, இரண்டு வந்தது, எண்ணிக்கை நிற்கவில்லை, ஒரு மணிக்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றது.

அப்படியானால் அந்த அம்மாள் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்?

ஒரு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா, அதுவும் தெரியாது. ஒருவேளை அப்போதே எல்லாம் முடிந்திருக்கலாம். ஒருவேளை கடைசி மூச்சில் இருந்திருக்கலாம். இந்த 'ஒருவேளை'யை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி எத்தனை நாள் சாப்பிடுவாள், எத்தனை நாள் தூங்குவாள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்கிறோம். அவளுக்குக் குறுகுறுக்கவில்லை. அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது. எந்த வார்டுக்குப் போனாலும், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தால், மடியில் கை கோத்தபடி அந்த அம்மாள் அதில் இருந்தாள். கண்ணை மூடித் திறந்தால் வேறு யாரோ ஒருத்தி இருப்பாள், அல்லது வெறும் நாற்காலியாக இருக்கும். உதடு அசையும், சத்தம் வராது. அவள் என்ன சொல்கிறாள் என்று இவள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். யாராவது தோளைத் தட்டி, மூச்சு, என்னடி ஆச்சு என்று கேட்ட பிறகுதான் டிரிப் தீர்ந்துபோனது கண்ணில் படும்.

பேய் பிசாசு என்றாலாவது மந்திரிக்கலாம். அந்த அம்மாள் உயிரோடு இருந்தாள். மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அதே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வருகிறபோதெல்லாம் இவளைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றிக்கொண்டாள். 'என் வீட்டுக்காரரை நிம்மதியா தூங்க விட்ட பொண்ணு' என்று வரிசையில் நிற்கிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அடித்திருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அந்தக் கை சூடாக, நன்றியோடு, விடாமல் பிடித்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. மாதத்தின் முதல் திங்கட்கிழமை வந்தால் வேறு பக்கத்துக்கு டியூட்டி மாற்றிக்கொண்டாள்.

ராணுவத்துக்கு விண்ணப்பம் போட்டதே அதனால்தான். இந்த ஊர், இந்த ஆஸ்பத்திரி, இந்தத் திங்கட்கிழமை எதுவும் இல்லாத இடமாக இருந்தால் போதும். தியேட்டரைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். தியேட்டரில் மூச்சைப் பார்க்க மயக்க மருந்து டாக்டர் இருக்கிறார், இயந்திரம் இருக்கிறது, நின்றால் அலறும். சொந்தக்காரர்கள் உள்ளே வர முடியாது. அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியே கிடையாது.

புதன்கிழமை நேர்முகத்தில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். கேள்வி கேட்டவர் ஒரு பெண் மேஜர். கடும் ஜலதோஷம், மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சிவந்து போயிருந்தது. எந்தப் பிரிவு என்றார். தியேட்டர் மேடம் என்றாள். ஏன் என்றார். கிருமி நீக்கம், கருவிகள், ஒழுங்கு, குழுவாக வேலை செய்வது என்று மனப்பாடம் செய்ததைத் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தாள். மேஜர் தலையை ஆட்டிவிட்டு அவளுடைய கோப்பில் ஒரு காகிதத்தைத் திருப்பினார்.

'மார்க் இருக்கு, தியேட்டர் கிடைக்கும். ஆனா உன் கோப்புல இதைப் பார்த்துட்டு எங்களுக்கு வேற ஒண்ணு தோணுது' என்றார்.

அது ஒரு கடிதம். வார்டு சிஸ்டர் அதைக் கோப்பில் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். அப்படி ஒன்று இருப்பதே இவளுக்குத் தெரியாது. மேஜர் கரகரத்த குரலில் படித்தார். 'அய்யா அவர்களுக்கு, நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுவது. என் கணவர் கடைசி நாளில் தூங்குகிறார், எழுப்பாதீர்கள் என்று அந்த நர்ஸ் பெண் சொன்னது. அதனால்தான் நான் அவர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து, ஆறு வருஷமாகச் சொல்ல முடியாததை எல்லாம் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுக்கொண்டே போய்விட்டார். அந்தப் பெண்ணை எங்கள் குடும்பம் மறக்காது.'

மற்ற இரண்டு பேரும் அவளைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார்கள். வலி தணிப்புப் பிரிவுக்கு, இனி பிழைக்க மாட்டார்கள் என்றானவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் பார்த்துக்கொள்கிற பிரிவுக்கு, இந்த மாதிரி மனசு உள்ளவர்கள்தான் கிடைப்பதில்லை என்றார் மேஜர். யோசித்து வெள்ளிக்கிழமை எழுதிக் கொடு என்றார். இந்தக் கடிதத்துக்கே தனியாக மதிப்பெண் போட்டிருக்கிறோம் என்றும் சொன்னார்.

அவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் நாற்காலியில் உதடு மட்டும் அசைந்த உருவத்துக்கு இப்போது குரல் கிடைத்துவிட்டது. கேட்டுக்கொண்டே போய்விட்டார். இல்லை, அவர் கேட்கவில்லை, எனக்குத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவள் தனக்குள் சொன்னாள். பொய்யை எழுதியது போய், இப்போது அந்தப் பொய்யே அவளுக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து வேலை வாங்கித் தருகிறது. இதை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டால் ஆயுசுக்கும் அதன் சம்பளம்தான் சாப்பிட வேண்டும். போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். முதலில் அந்த அம்மாளிடம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முகவரியைத் தேடிப் போனாள். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கதவு திறந்திருந்தது. ஒற்றை அறை, ஒரு சமையல் தடுப்பு, கடைசியில் குளியலறை. அந்த அம்மாள் ஜன்னலடியில் உட்கார்ந்து சீருடைச் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் தைத்தது, ஒரு பக்கம் தைக்க வேண்டியது, இரண்டும் இடுப்பளவுக்கு. தரையில் விரிப்பில் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று குப்புறப் படுத்துத் தூங்கியது. பழக்க தோஷம், மூச்சின் கண் முதலில் அதன் முதுகுக்குத்தான் போனது. ஏறி இறங்கியது. குளியலறைக்குள் யாரோ துணி துவைத்தார்கள். குழாய் முழு வேகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உள்ளே என் மகள்தான், ஆறு வருஷம் கழித்து வீட்டோடு வந்திருக்கிறாள், இது பேத்தி, என்று சொல்லி உட்கார வைத்தாள். ராணுவத்துக்குப் போகப் போகிறாயாமே, கடிதம் உதவியதா என்று கேட்டாள். இதற்கு மேல் தள்ளிப் போட்டால் சொல்லவே முடியாது என்று இவளுக்குத் தெரிந்தது.

'அம்மா, அன்னிக்கு நான் அவரைப் பார்க்கவே இல்ல. பார்க்காமலே சார்ட்ல எழுதினேன். பார்க்காமலேதான் உங்ககிட்ட தூங்குறாருன்னும் சொன்னேன்.'

ஊசி துணியில் ஏறி வந்தது. மறுபடி ஏறி வந்தது. பட்டன் முடிந்து, நூலைச் சுற்றி முடிச்சுப் போடுகிற வரைக்கும் அந்த அம்மாள் நிமிரவில்லை.

'அப்ப அவரு தூங்கலியா?'

இவள் வாயைத் திறந்தாள். தாடையைப் பற்றிச் சொல்லத்தான் திறந்தாள். ஊசி பிடித்த கை மேலே எழுந்து அவளை நிறுத்தியது.

'வேணாம். கேட்டுட்டேன், ஆனா நீ பதில் சொல்லாதே.'

குழாய் ஊற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே போகாத குரலில் அந்த அம்மாள் பேசினாள். மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனதிலிருந்து, அந்தப் பெயரை இந்த வீட்டில் எடுக்கக்கூடாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டாராம். அந்த அம்மாள் காய்கறி வாங்கப் போகிறேன் என்று போய் மகளைப் பார்த்து வந்திருக்கிறாள். பேத்தி பிறந்ததையும் சொல்லவில்லை. மருமகன் விட்டுவிட்டுப் போனதையும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் தூங்குகிற தைரியத்தில்தான் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள்.

'அவரு தூக்கத்துலகூடப் பிடிக்காததைக் கேட்டா ம்ஹும்னுவாரு. முப்பத்தஞ்சு வருஷம் பக்கத்துல படுத்தவ நான், எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அந்த ம்ஹும் வரல. பேத்தி உங்க மூக்கை வெச்சுக்கிட்டுப் பொறந்திருக்கான்னு சொல்லி நானே சிரிச்சேன். அதுக்கும் வரல. சரின்னுட்டாருன்னு நினைச்சேன். அன்னிக்கே இவளுக்குப் போன் போட்டு, அப்பா எல்லாம் கேட்டாரு, ஒண்ணும் சொல்லல, வாடின்னேன். அதை நம்பித்தான் இந்த வீட்டு வாசப்படி ஏறினா. அப்பா ஏத்துக்கிட்டாருங்கற ஒரே தெம்புலதான் இப்ப நடமாடிக்கிட்டிருக்கா.'

இவள் அழுதுகொண்டே, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன் என்றாள். அந்த அம்மாள் முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் நன்றி இல்லை. கோபம் இருந்தது, ஆனால் அதை உரக்கச் சொல்லக்கூட முடியாத வீடு அது.

'உன் நெஞ்சுல இருக்கறதை இறக்கி வைக்க உனக்கு என் வீடுதான் கிடைச்சுதா? மன்னிச்சேன்னு சொன்னா நீ படியிறங்கிப் போயிடுவே. நான் எங்க போறது?'

எட்டு மாதமாக அவள் தன்னை நினைத்துத்தான் அழுதிருக்கிறாள் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கே புரிந்தது. உண்மையைச் சொன்னால் பாரம் தீரும் என்று சொல்கிறார்களே, அது எங்கே போய் இறங்கும் என்று எவனாவது சொல்லியிருக்கிறானா?

'எனக்குத் தெரிஞ்சது என்னோட இருக்கட்டும்' என்றாள் அந்த அம்மாள். 'இன்னும் என்னவோ சொல்ல வந்தியே, அது உன்னோட இருக்கட்டும். அதை நீ தூக்கு. அவகிட்ட மட்டும் வேணாம்.'

குழாய் நின்றது. மகள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வெளியே வந்தாள். அம்மா சொல்லுவதற்கு முன்பே யாரென்று புரிந்துகொண்டு, நீங்கதானே அந்த நர்ஸ் என்றாள். உட்காரச் சொன்னாள், டீ போடுகிறேன் என்றாள். இவள் நேரமாயிற்று என்று கிளம்பினாள். மகள் விடவில்லை. கூடவே படிக்கட்டு வரைக்கும் வந்து, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, தரையைப் பார்த்துக் கேட்டாள்.

'அம்மா என்னைப் பத்திச் சொன்னதை அப்பா கேட்டாருல்ல? நீங்க அங்கதானே இருந்தீங்க?'

திறந்த கதவு வழியாக அந்த அம்மாள் தெரிந்தாள். அடுத்த சட்டையைக் கையில் எடுத்திருந்தாள், தைக்கவில்லை.

ஆமாம் என்று சொல்ல இவளுக்கு நாக்கு வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

'உங்கம்மா முக்கால் மணி நேரம் அவரு பக்கத்துலயே உட்கார்ந்து பேசிக்கிட்டிருந்தாங்க. ஒரு தடவை அழுதாங்க, ஒரு தடவை சிரிச்சாங்க. அதை நான் என் கண்ணால பார்த்தேன்.'

அது போதும் என்றாள் மகள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கையைப் போலவே சூடான கை. ஒரு சொல்கூடப் பொய்யில்லாமல் பேசியும், அன்றைக்கு வார்டு வாசலில் சொன்னது எங்கே போய்ச் சேர்ந்ததோ அங்கேயே இதுவும் போய்ச் சேர்ந்ததை அவள் பார்த்தாள். அன்றைக்குத் தெரியாமல் சொன்னாள். இன்றைக்குத் தெரிந்தே சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குப் படிவத்தை நீட்டினாள். வாங்கிய கிளார்க் மேலும் கீழும் பார்த்தார். மூன்று கட்டத்திலும் பொது வார்டு, பொது வார்டு, பொது வார்டு என்று எழுதியிருந்தது. மூன்றும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்றார். ஜனங்கள் தியேட்டருக்குத் தவம் கிடக்கிறார்கள், நீ என்னவோ கேட்காமலே கிடைக்கிற பொது வார்டை மூன்று தடவை கேட்கிறாயே என்றார். காரணம் என்ற இடம் மூன்றிலும் காலியாக இருந்தது. மேஜரைப் பார்க்க வேண்டும், காரணத்தை அவரிடம் நேரில் சொல்கிறேன் என்றாள்.

ஜலதோஷம் இன்னும் விடவில்லை மேஜரை. நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மேஜையில் உட்கார்ந்து எழுதியது, பேனாவை மாற்றியது, எழுப்பாதீர்கள் என்றது, தாடை இறுகியிருந்தது, சொந்தக்காரர்கள் வராத இடம் என்றே தியேட்டரைக் கேட்டது. மகளைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை, அது அவள் சொல்ல வேண்டிய விஷயமில்லை. அந்தக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் மேடம் என்று முடித்தாள்.

எடுத்தால் ஏன் எடுத்தேன் என்று நான் எழுத வேண்டியிருக்கும் என்றார் மேஜர். எழுதுங்கள் என்றாள். அதைப் படித்துவிட்டு உன்னை வேண்டாம் என்றும் சொல்லலாம், படித்த கல்லூரிக்கும் தகவல் போகும் என்றார். தெரியும் என்றாள். இரண்டு மாதம் விசாரணை நடந்ததும், ஒரு வருஷம் கண்காணிப்பில் வைத்து அவளை எடுத்துக்கொண்டதும், அந்தக் குறிப்பு இன்றுவரை அவள் பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே இருப்பதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு அந்த அறையில் எதுவும் நிச்சயமில்லை. மேஜர் கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவித் தனியாக வைத்தார். படிவத்தைக் கையில் எடுத்து, காலியாக இருந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

'சரி, சொல்லு. நீ பயப்படறது சொந்தக்காரங்களுக்கு. பொது வார்டுல காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அவங்கதான் இருப்பாங்க. வந்து நின்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. தியேட்டர் கேட்டா இப்பக்கூடத் தரலாம். அங்க ஏன் வேணாம்?'

மூச்சு மேஜர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாள்.

'அங்க போனா யாரும் என்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க மேடம்' என்றாள். 'எனக்கு அது பிடிச்சுப் போயிடும்.'